பாவக் கழுவாய் நாளும் அடுத்த வீட்டு வாசலும்



திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு சிறு குறிப்பு உண்டு. தூய பவுல் கைதியாக உரோமைக்குக் கப்பலில் கொண்டு செல்லப்படுகிறார். எதிர்க்காற்றில் தடுமாறி, கப்பல் கிரேத்துத் தீவின் கரையோரமாக மெல்ல நகர்கிறது. அந்த இடத்தில் லூக்கா, நோன்பு நாளும் கடந்துவிட்டதால் இனிக் கடற்பயணம் ஆபத்தானது என்று குறிப்பிடுகிறார் (27:9). எந்த நோன்பு? அவர் விளக்கவில்லை. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் பிறகு என்று சொன்னால், நமக்குத் தேதி சொல்லத் தேவையில்லை அல்லவா? அதுபோலத்தான். முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்கு "நோன்பு நாள்" என்றாலே போதும், அது எந்த நாள் என்று தெரிந்துவிடும். அதுதான் யூதர்களின் பாவக் கழுவாய் நாள். எபிரேய மொழியில் யோம் கிப்பூர்.

யூத நாள்காட்டியின் திஷ்ரி மாதத்துப் பத்தாம் நாள் அது. நம் கணக்கில் செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபர் முற்பகுதியிலோ வரும். பவுல் அறிந்திருந்த, நம் ஆண்டவர் இயேசு சிறுவயது முதல் அறிந்திருந்த அந்த நாள் நமக்கு என்ன சொல்கிறது என்று இன்று சிந்திப்போம்.

அந்நாளின் தொடக்கம் லேவியர் நூல் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் யாரும் நுழையக் கூடாத திருத்தூயகத்திற்குள், அந்த ஒரு நாளில் மட்டும், தலைமைக் குரு ஒருவர் மட்டும் நுழைவார். பொன்னாலும் மணிகளாலும் அழகு செய்த உடையைக் களைந்துவிட்டு, எளிய நார்ப்பட்டு உடை அணிவார். முதலில் தம் பாவத்துக்காகவும் தம் வீட்டாரின் பாவத்துக்காகவும் காளையைப் பலியிடுவார். பிறகுதான் மக்களுக்காக. இரண்டு வெள்ளாட்டுக் கிடாய்கள் கொண்டுவரப்பட்டுச் சீட்டுப் போடப்படும். ஒன்று ஆண்டவருக்குப் பலியாகும். மற்றதன் தலைமேல் தலைமைக் குரு தம் இரு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்களை எல்லாம் அறிக்கையிடுவார். அந்தப் போக்கு ஆடு பாலைநிலத்துக்கு ஓட்டிவிடப்படும். உடன்படிக்கைப் பேழையின் மேலிருந்த மூடிக்கு நம் திருவிவிலியம் "இரக்கத்தின் இருக்கை" என்று பெயர் தருகிறது. அதன்மீதுதான் பலியின் இரத்தம் தெளிக்கப்பட்டது.

கி.பி. 70இல் உரோமைப் படை எருசலேம் கோவிலை இடித்துத் தீக்கிரையாக்கியது. திருத்தூயகம் இல்லை, பலிபீடம் இல்லை, ஆட்டுக்கிடாயும் இல்லை. இனி அந்த நாளும் இல்லாமல் போகும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அப்படி நடக்கவில்லை. யூத மரபில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. இடிந்து கிடந்த கோவிலைப் பார்த்து ரபி யோசுவா என்பவர், நம் பாவங்களுக்குக் கழுவாய் தேடிய இடம் பாழாய்ப்போனதே என்று புலம்பினாராம். உடன் இருந்த அவருடைய ஆசிரியர் யோகனான் பென் சக்காய் அவரைத் தேற்றினார். அதற்கு இணையான கழுவாய் ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதுதான் இரக்கச் செயல் என்றார். அதற்குச் சான்றாக அவர் காட்டியது ஓசேயா இறைவாக்கினரின் ஆறாம் அதிகாரம் ஆறாம் வசனம்: கடவுள் பலியைவிட இரக்கத்தையே விரும்புகிறார் என்ற செய்தி. மத்தேயு நற்செய்தியைத் திறந்து பாருங்கள். வரிதண்டுவோரோடு பந்தியமர்ந்ததற்காகக் குறை சொன்னவர்களுக்கு இயேசு நினைவூட்டியதும் அதே வசனத்தைத்தான் (9:13).

யூத மக்கள் இன்று அந்நாளை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள்? அவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். நம் அண்டை மாநிலத்துக் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட அவர்களது தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. சுற்றுலா சென்றபோது நம்மில் சிலர் அதைப் பார்த்திருப்போம். யோம் கிப்பூருக்கு முந்திய மாலை கதிரவன் மறைவதற்குள் உண்டு முடித்துவிடுவார்கள். மறுநாள் இருட்டும்வரை ஏறத்தாழ 25 மணி நேரம் ஒரு வாய் உணவும் இல்லை, ஒரு மிடறு தண்ணீரும் இல்லை. குளிப்பதில்லை, நறுமணத் தைலம் பூசுவதில்லை, தோல் காலணி அணிவதில்லை, கணவன் மனைவி கூடுவதில்லை. நோயால் உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் மட்டும் உண்ண வேண்டும் என்பதும் அவர்களது சட்டமே. பலர் வெள்ளை உடுத்தி, நாளின் பெரும்பகுதியைத் தொழுகைக்கூடத்திலேயே கழிக்கிறார்கள்.

அன்று காலையில் அவர்கள் வாசிப்பது எசாயா 58ஆம் அதிகாரம். தலையைத் தாழ்த்திச் சாக்கு உடுத்துவதா நான் விரும்பும் நோன்பு என்று கடவுள் கேட்கும் பகுதி. பசித்தவனுக்கு உன் உணவைப் பகிர்ந்து கொடு, ஒடுக்கப்பட்டவனை விடுதலை செய் என்று அவர் கட்டளையிடும் பகுதி. நாமும் இதே பகுதியைத் திருநீற்றுப் புதனுக்குப் பின்வரும் வெள்ளியன்று திருப்பலியில் வாசிக்கிறோம். பிற்பகலில் அவர்கள் யோனா நூல் முழுவதையும் வாசிக்கிறார்கள். நினிவே மக்கள் சாக்கு உடுத்தினார்கள், நோன்பிருந்தார்கள். ஆனால் கடவுள் எதைப் பார்த்து மனம் இரங்கினார்? அவர்களுடைய சாக்கையும் நோன்பையும் பார்த்தார் என்று அந்நூல் சொல்லவில்லை. அவர்கள் தீய வழியை விட்டுத் திரும்பியதைப் பார்த்தார் என்றே சொல்கிறது (3:10). இந்த நுட்பத்தை யூத ஆசிரியர்கள் அந்தக் காலத்திலேயே சுட்டிக்காட்டினார்கள். மனமாற்றத்தைக் குறிக்கும் அவர்களது சொல் தெஷுவா. திரும்பி வருதல் என்பது அதன் பொருள். நம் தமிழும் "மனம் திரும்புதல்" என்றுதானே சொல்கிறது?

இனி ஒரு கேள்வி நமக்குள் எழும். இயேசு நமக்காக ஒரே முறை தம்மைப் பலியாக்கினாரே, பாவக் கழுவாய் நாளைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? நியாயமான கேள்வி. எபிரேயர் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரம் இந்த நாளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. கிறிஸ்து மனிதர் கையால் செய்த தூயகத்துக்குள் அல்ல, விண்ணகத்துக்குள்ளேயே நுழைந்தார். ஆட்டுக் கிடாயின் இரத்தத்தோடு அல்ல, தம் சொந்த இரத்தத்தோடு நுழைந்தார் என்று அது கற்பிக்கிறது. தூய பவுல் உரோமையர் திருமுகத்தில் (3:25) கிறிஸ்துவைக் குறிக்கப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், பழைய கிரேக்க விவிலியத்தில் அந்த இரக்கத்தின் இருக்கையைக் குறித்த அதே சொல். அந்த நாளைப் புரிந்துகொள்ளாமல் பெரிய வெள்ளியின் சிலுவையை நாம் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது.

ஆகவே இரண்டு தவறான வழிகளை நாம் விலக்க வேண்டும். ஒன்று, யூதர்களின் விழாவை நம்முடையதாக எடுத்துக் கொண்டாடிப் பார்ப்பது. இன்று சில கிறிஸ்தவக் குழுக்களில் கொம்பு ஊதுவதும் யூத நாள்களைக் கடைப்பிடிப்பதும் ஒரு கவர்ச்சியாகப் பரவி வருகிறது. நமக்கு அது தேவையில்லை. நமக்குத் தவக்காலம் இருக்கிறது, ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. இன்னொருவரின் நோன்பை வேடிக்கைக்காக உடுத்திக்கொள்வது மரியாதையும் அல்ல.

மற்றொன்று இதைவிடக் கொடியது. அந்த நாளை இகழ்வது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 386ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தியோக்கியா நகரில் கிறிஸ்தவர்கள் பலர் யூதத் தொழுகைக்கூடங்களுக்குச் சென்று அவர்களது விழாக்களிலும் நோன்பிலும் கலந்துகொண்டார்கள். அந்நகரின் குருவாக இருந்த புனித யோவான் கிறிசோஸ்தோம் அதைத் தடுக்க முயன்றார். தம் மக்களைத் தம் கோவிலில் காக்க நினைத்தது ஒரு மேய்ப்பரின் அக்கறைதான். ஆனால் யூதர்களைக் குறித்து அவர் அப்போது வீசிய கடுஞ்சொற்களைப் பின்வந்த நூற்றாண்டுகள் வெறுப்புக்கு ஆயுதமாக்கிக்கொண்டன. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்னும் அறிக்கையில் தெளிவாகக் கற்பித்தது: யூதர்களைக் கடவுளால் கைவிடப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக் கூடாது, யூதர்களுக்கு எதிரான எந்த வெறுப்பையும் துன்புறுத்தலையும் திரு அவை கண்டிக்கிறது. அரசுகள் செய்யும் அரசியல் வேறு, ஒரு மக்களின் இறைநம்பிக்கை வேறு. நாம் இன்று பேசுவது அவர்களது இறைநம்பிக்கையைப் பற்றி.

அன்புக்குரியவர்களே, அந்த நம்பிக்கையில் நம் நெஞ்சைத் தைக்க வேண்டிய ஒரு பாடத்துக்கு இப்போது வருவோம். கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூல் மிஷ்னா. அதில் பாவக் கழுவாய் நாளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதன் முடிவில் ஆசிரியர்கள் ஒரு வரம்பு வகுத்தார்கள். மனிதன் கடவுளுக்கு எதிராகச் செய்த பாவத்துக்குப் பாவக் கழுவாய் நாள் மன்னிப்பைப் பெற்றுத் தரும். மனிதன் மனிதனுக்கு எதிராகச் செய்த பாவத்துக்கோ, அந்த மனிதனிடம் போய் அவனைச் சமாதானப்படுத்தும்வரை, அந்த நாளும் மன்னிப்பைப் பெற்றுத் தராது. இப்போது பாவம் செய்துகொள்வோம், அந்த நாள் வந்து கழுவிவிடும் என்று கணக்குப் போடுகிறவனுக்கும் அந்த நாள் உதவாது.

இருபத்தைந்து மணி நேரம் பட்டினி கிடந்தாலும், நாள் முழுவதும் நெஞ்சில் அடித்துக்கொண்டாலும், அடுத்த வீட்டுக்காரனிடம் போகாதவனுக்கு அந்தக் கணக்கு தீராது என்கிறார்கள். அதனால்தான் அந்த நாளுக்கு முன்னுள்ள நாள்களில் அவர்கள் ஒருவரையொருவர் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

நம் ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தது வேறா? பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரர் ஒருவருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொன்னார் (மத்தேயு 5:23-24). கவனியுங்கள். உனக்கு அவர்மேல் கோபம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்கிறார். காயப்பட்டவர் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. காயப்படுத்தியவர் நடக்க வேண்டும். அதுவும் பலிபீடத்தின் முன்னிருந்து நடக்க வேண்டும்.

எப்படி நடப்பது? 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடஸ் என்னும் பெரிய யூத அறிஞர் இதற்குச் சில நடைமுறைகளை எழுதிவைத்தார். ஒருவருடைய பணத்தையோ பொருளையோ எடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். சொல்லால் புண்படுத்தியிருந்தாலும் நேரில் போக வேண்டும். அவர் மன்னிக்க மறுத்தால் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு மீண்டும் போக வேண்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் அப்படியே. அதன் பிறகும் அவர் இரங்காவிட்டால் விட்டுவிடலாம். இனி மன்னிக்காதவரே பாவத்துக்கு உரியவர். தவறு இழைக்கப்பட்டவர் இறந்துவிட்டிருந்தால், பத்துப் பேரை அவருடைய கல்லறைக்கு அழைத்துச் சென்று, அவர்கள் முன்னிலையில் இந்த மனிதருக்கு நான் இன்ன தீங்கு செய்தேன் என்று அறிக்கையிட வேண்டும். உண்மையான மனமாற்றம் எது? அதே பாவத்தைச் செய்ய அதே வாய்ப்பும் அதே வலுவும் மீண்டும் கிடைத்தும், அதைச் செய்யாமல் விலகுவதே.

இதைக் கேட்கும்போது நம் ஊர் நம் கண்முன் வரவில்லையா? பாகப்பிரிவினையில் ஒரு சென்ட் நிலத்துக்காகப் பேச்சை நிறுத்திய அண்ணனும் தம்பியும் ஒரே கோவிலில் ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் அமர்ந்து இருபது ஆண்டுகளாகத் திருப்பலி காண்பதில்லையா? அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வராத பிள்ளைகள் இல்லையா? கைமாற்றாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல், கொடுத்தவரைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிறவர்கள் இல்லையா? ஒரு பெண்ணைப் பற்றி நாலு பேரிடம் சொன்ன சொல், வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு செய்தி, அவளுக்கு வந்த வரனைக் கலைத்துவிடவில்லையா? வீட்டு வேலைக்கு வந்தவரின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு நாம் வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருப்பதில்லையா? எசாயாவின் குரல் இங்கேதான் கேட்கிறது.

"சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், போதாதா?" என்று கேட்கலாம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கடவுள் தரும் மன்னிப்பு உண்மையானது. அதை யாரும் குறைத்து எண்ண வேண்டாம். ஆனால் கத்தோலிக்கத் திரு அவையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் எண்ணில் என்ன சொல்கிறது? பாவமன்னிப்பு பாவத்தை அகற்றுகிறது. பாவத்தால் விளைந்த எல்லாச் சீர்கேடுகளையும் அது சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த நற்பெயரை மீட்டுத்தர வேண்டும். காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்கிறது. சக்கேயு மரத்திலிருந்து இறங்கி அழுதுகொண்டு நிற்கவில்லை. ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு தருகிறேன் என்றார். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அயலானிடம் போக மறுக்கிறவரிடம் உண்மையில் மனத்துயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கழுவாய் நாளும் ஒப்புரவு அருட்சாதனமும் இந்த ஒரு புள்ளியில் கைகோக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மன்னிப்புக் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்திவைக்காதீர்கள். ஊரைக் கூட்டி அவமானப்படுத்தாதீர்கள். அதே நேரத்தில், அடித்துத் துன்புறுத்தும் கணவனிடம், மன்னித்துவிட்டாயே, இனி அங்கேயே போய்ப் படு என்று எந்தப் பெண்ணையும் நாம் தள்ளக் கூடாது. மன்னிப்பது வேறு, மீண்டும் அடிபடப் போவது வேறு. அந்தப் பெண்ணிடம் பொறுத்துப்போ என்று சொல்வதற்கு முன், அடித்தவனிடம் போய்த் திருந்து என்று சொல்ல நமக்குத் துணிவு வேண்டும். தெஷுவா கேட்பது தவறு செய்தவரின் திரும்புதலை.

பாவக் கழுவாய் நாளின் அறிக்கை மன்றாட்டுகளில் இன்னொரு சிறப்பு உண்டு. அவை 'நான்' என்று பேசுவதில்லை, 'நாங்கள்' என்றே பேசுகின்றன. எபிரேய அகரவரிசைப்படி ஒவ்வொரு பாவமாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். களவு செய்யாதவரும் நாங்கள் களவு செய்தோம் என்கிறார். தன் ஊரின் பாவத்தில் தனக்குப் பங்கில்லை என்று யாரும் கைகழுவுவதில்லை. நாமும் திருப்பலியின் தொடக்கத்தில் நெஞ்சில் தட்டிக்கொண்டு, இறைவனிடம் மட்டுமல்ல, அருகில் நிற்கும் சகோதர சகோதரிகளிடமும் நம் பாவத்தை ஏற்றுக்கொள்கிறோம். வாய் அதைச் சொல்லும்போது கண்கள் அந்த அருகில் நிற்பவரைப் பார்க்கின்றனவா?

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் இந்த 'நாங்கள்' என்னும் சொல்லுக்கு உடல் கொடுத்தார். 2000ஆம் ஆண்டு மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறு அன்று, உரோமை தூய பேதுரு பேராலயத்தில், திரு அவையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக, இஸ்ரயேல் மக்களுக்கு எதிரானவை உட்பட, கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார். அதோடு அவர் நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 26 அன்று, தளர்ந்த உடலோடு எருசலேமின் மேற்குச் சுவர்வரை நடந்து சென்றார். யூதரைத் துன்புறுத்தியவர்களுக்காக மன்னிப்பு வேண்டும் மன்றாட்டை ஒரு தாளில் எழுதி அந்தக் கற்களின் இடுக்கில் வைத்தார். கடவுளிடம் கேட்பதற்கு உரோமை போதும். தீங்கு இழைக்கப்பட்டவர்களின் வாசலுக்குப் போக எருசலேம்வரை போக வேண்டியிருந்தது. எண்பது வயதை நெருங்கிய ஒரு திருத்தந்தை அவ்வளவு தூரம் போகலாம் என்றால், நமக்கு எதிர் வீடு எத்தனை அடி தூரம்?

யோம் கிப்பூரின் கடைசி மன்றாட்டுக்கு நேயிலா என்று பெயர். கதவு அடைபடும் நேரம் என்று பொருள். பொழுது சாய்கிறது, விண்ணகத்தின் வாசல் மூடப்போகிறது, அதற்குள் வந்துவிடுங்கள் என்னும் உணர்வோடு எல்லாரும் எழுந்து நின்று மன்றாடுவார்கள். முடிவில் ஆட்டுக்கடாக் கொம்பு நீளமாய் ஒருமுறை முழங்கும். நாள் முடிந்துவிடும்.

கடவுளின் இரக்கத்தின் வாசலைக் கிறிஸ்து தம் இரத்தத்தால் திறந்து வைத்திருக்கிறார் என்பது நம் நம்பிக்கை. ஆனால் மனிதரின் வாசல்கள் ஒருநாள் மூடிவிடும். நாம் சந்திக்க வேண்டியவர் நோயில் விழலாம், ஊரை விட்டுப் போகலாம், இறந்துபோகலாம். பிறகு கல்லறையில் பூ வைத்து என்ன பயன்? ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு வேலை செய்வோம். யாருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருக்கிறது என்று ஒரு பெயரை மனத்தில் எடுத்துக்கொள்வோம். கொடுக்க வேண்டியது இருந்தால் கொண்டுபோவோம். இல்லாவிட்டால் வெறுங்கையோடு போவோம். கதவைத் தட்டுவோம். பிறகு திருப்பலிக்கு வருவோம்.

மன்றாடுவோமாக. இரக்கம் நிறைந்த தந்தையே, உம் திருமகனின் இரத்தத்தால் எங்களை உம்மோடு ஒப்புரவாக்கினீர். நாங்கள் காயப்படுத்தியவர்களின் வாசலுக்கு நடந்து செல்லும் தாழ்ச்சியை எங்களுக்குத் தாரும். உம் முதல் உடன்படிக்கையின் மக்களை உம் அன்பில் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.